மகள் கூப்பிடுகிறாள், கினபாலு ஏறலாமா?

வணக்கம் தம்பி. உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 48. கெடாவில் பீடோங் பக்கம் செம்பனை ஆலையில் வேலை. சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை. இதுவரை மலை ஏறியதில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் மார்ச் மாதம் தோழிகளோடு சபாவிலுள்ள கினபாலு மலை ஏறப் போகிறாள், "நீங்களும் வாங்கப்பா" என்கிறாள். ஏற முடியுமா, எத்தனை மாதம் பயிற்சி வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "பிள்ளைகள் மத்தியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் அவளுக்குத்தானே சங்கடம்" என்று. உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நானும் பீடோங் பக்கம்தான். 31 ஆண்டு தோட்டத்தில் டிரசராக, அதாவது தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கினபாலுவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். மூன்று முறை உச்சியைத் தொட்டேன், ஒரு முறை திரும்பிவிட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. டிரசர் என்பதால் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆனால் நான் டாக்டர் இல்லை, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மலையின் கணக்கை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். ஜெராய் மலை தினமும் நம் கண்ணில் படுகிறது. அதன் உயரம் 1,200 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அடிவாரமோ கடல் மட்டத்துக்குப் பக்கம். கினபாலுவில் நடை தொடங்கும் திம்போஹோன் வாசலே 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து இரவு தங்கும் பானாலாபான் 3,272 மீட்டர், தூரம் 6 கிலோமீட்டர். அதாவது முதல் நாளில் ஒரு முழு ஜெராயும் அதற்கு மேல் இருநூறு மீட்டரும் ஏறுகிறீர்கள். மறுநாள் விடியற்காலை இரண்டு, இரண்டரை மணிக்கு எழுந்து இன்னொரு 2.7 கிலோமீட்டர் நடந்தால் 4,095 மீட்டரில் லோஸ் சிகரம், அதுதான் உச்சி. (நாங்கள் பள்ளியில் 4,101 என்று மனப்பாடம் செய்தோம். பிறகு துல்லியமாக அளந்து குறைத்துவிட்டார்கள். பழைய புத்தகம் வீட்டில் இருந்தால் குழம்பாதீர்கள்.)

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்வதுதான். இறக்கத்தின் கணக்கைத்தான் யாரும் சொல்வதில்லை. உச்சியைத் தொட்ட அதே நாளில் திம்போஹோன் வரை இறங்கியாக வேண்டும். 2,229 மீட்டர் இறக்கம், ஏறக்குறைய இரண்டு ஜெராய், அதுவும் தூக்கம் கெட்ட உடம்போடு. பாதையில் பெரும்பகுதி கல்லும் மரமும் அடுக்கிய படிகள், ஒவ்வொன்றும் ஒரு உயரம். எங்கள் குழுவில் ஏறும்போது அழுதவர் யாருமில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கியவர்கள் நிறைய.

கால் விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஆலையில் நாள் முழுக்க இரும்புப் படி ஏறி இறங்குகிற ஆள், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரை விட ஏற்கெனவே முன்னால் இருக்கிறார். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் போதும், நான்கு இருந்தால் நிம்மதி. வாரத்தில் மூன்று நாள், தோட்டத்தில் பெரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிற நேரத்துக்கு எழுந்து, ஒரு மணி நேரம் மேடு ஏறுங்கள். தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி மேடோ துரை பங்களா மேடோ இல்லாமல் இருக்காது. ஏறுவதை விட இறங்குவதைக் கவனமாகச் செய்யுங்கள்: குதிக்காமல், முட்டியைச் சற்று மடக்கி, ஒவ்வொரு அடியையும் தொடையால் தாங்கி. இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைப் பிடிக்கிறது. பழகாத தசைக்கு அந்த வேலைதான் மறுநாள் வலியைத் தரும், பழகிய தசைக்கு அவ்வளவாக வலிக்காது. மாதம் ஒரு முறை பினாங்கு போக முடிந்தால் தண்ணீர்மலைக் கோயிலில் 513 படி இருக்கிறது. நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குங்கள். மூன்றாம் முறை இறங்கும்போது பூக்கடை அம்மா ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. கடைசி மாதத்தில் இரண்டு முறையாவது ஜெராய் தார்ச்சாலையில் அடிவாரத்திலிருந்து மேலே வரை முதுகுப்பையோடு நடந்து, வண்டியில் ஏறாமல் நடந்தே இறங்குங்கள். மறுநாள் காலை கழிப்பறையில் குந்தி எழ முடிந்தால் உங்கள் கால் தயார்.

ஆனால் நம் ஊரில் எவ்வளவு நடந்தாலும் பழக்கிக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. காற்று. மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் பங்கு குறைவதில்லை, அதே 21 சதவீதம்தான். அழுத்தம்தான் குறைகிறது. பானாலாபானில் கடலோரத்து அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, உச்சியில் அறுபது சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அவ்வளவு குறைவு. உடம்பு இதற்குப் பழக நாள்கள் வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. கினபாலுவின் இரண்டு நாள் பயணத்தில் முதல் நாளே 1,400 மீட்டர் ஏறிவிடுகிறோம். அதனால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இவற்றில் ஏதாவது ஒன்று பலருக்கு வரும், உயர நோய் என்பது இதைத்தான். அது உங்கள் பலவீனம் என்று நினைக்க வேண்டாம், அட்டவணை அப்படி.

உடல் வலு இதிலிருந்து காப்பாற்றாது என்பதும் உறுதியான விஷயம். 2018-ல் எங்கள் ஊரிலிருந்து பதினொரு பேர் போனோம். அதில் 23 வயதுப் பையன் ஒருவன், பந்தாட்டக்காரன், மூன்றரை மணி நேரத்தில் பானாலாபானை எட்டிவிட்டான். ஐம்பத்தைந்து வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர், ஏழு மணி நேரம் எடுத்து, மழையில் நனைந்து, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேசையில் பையன் மீகூனைப் பார்த்ததும் எழுந்து ஓடினான், வாந்தி. அக்கா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, "டிரசரய்யா, மணி ரெண்டுக்கு எழுப்பிவிடுங்க" என்று படுத்துவிட்டார். விடிந்தபோது அக்கா உச்சியில், பையன் போர்வைக்குள். வேகமாக ஏறியதால்தான் அவனுக்கு அப்படி ஆனது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதிக வேகம் பாதிப்பைக் கூட்டும் என்று கருதப்படுகிறது, அதே அளவுக்கு உடல்வாகும் காரணம். யாருக்கு வரும் என்று முதல் முறை ஏறும் முன் உறுதியாகக் கண்டுபிடிக்கிற பரிசோதனை எதுவும் கிடையாது. ஒன்று மட்டும் உங்களுக்கு ஆறுதல்: வயது கூடுவதால் உயர நோய் அதிகம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இனி நான் திரும்பிய கதை. மூன்றாம் பயணம். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியில், 3,668 மீட்டரில், தலை இடிக்கத் தொடங்கியது. இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற டிரசர், தனக்கென்று வரும்போது வாய் திறக்கவில்லை. சிறிது தூரத்தில் வழிகாட்டி, தூசூன் இனத்து இளைஞர், என் நடையைப் பார்த்து நிறுத்தினார். ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் சாய்ந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்துக் கீழ்ப்பக்கம் காட்டினார். பானாலாபானை அடைந்தபோது வலி பாதி குறைந்திருந்தது. திம்போஹோனில் தலைவலி இருந்த சுவடே இல்லை. உயர நோய்க்கு மருந்து இறங்குவதுதான். நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், அது உயிருக்கு ஆபத்தான கட்டம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கோடாலித் தைலம், இஞ்சி, கற்பூரம் பற்றிக் கேட்பீர்கள். தைலம் மனதுக்கு இதம், எடுத்துப் போங்கள், ஆனால் அது ஆக்சிஜனைக் கொண்டுவராது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் குப்பி சில நிமிடம்தான் வரும், அதை நம்பி மேலே போகாதீர்கள். அசிட்டசோலமைட் என்றொரு மாத்திரை உண்டு, டயமோக்ஸ் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்கூட்டியே எடுத்தால் உயர நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்பது நிறுவப்பட்டது. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூட வருகிறவர் கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், முக்கியமாக நீங்கள். மருந்தில்லாமல் செய்யக்கூடியது ஒன்று: ஏறுவதற்கு முந்தைய இரவைக் கடலோரத் தலைநகர் கோத்தா கினபாலுவில் கழிக்காமல், மலைப்பக்கத்து ஊரான குண்டாசாங்கிலோ கினபாலு பூங்காத் தலைமையகத்துக்குப் பக்கத்திலோ தங்குங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு ராத்திரி தூங்கினால் உடம்புக்கு ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும். பெரிய மாற்றம் இல்லை, ஆனால் கடலோரத்திலிருந்து நேரே போவதை விட மேல்.

சர்க்கரை விஷயம். சர்க்கரை இருப்பதாலேயே ஏறக்கூடாது என்று இல்லை, ஏறியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மாத்திரையின் பெயர் எழுதவில்லை, அது தெரியாமல் அதிகம் சொல்வது தவறு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால், அது தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்கிளசைட் போன்ற இன்னொரு வகை இருந்தால், ஆறேழு மணி நேரம் ஏறும்போது சர்க்கரை திடீரென்று கீழே போய்விடலாம். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் என்று அதன் அறிகுறிகள் உயர நோயையும் களைப்பையும் போலவே இருப்பதுதான் சிக்கல். இருட்டில், குளிரில், எது எது என்று பிரித்தறிவது எனக்கே கஷ்டம். சோதிக்கும் கருவியும் குளிரிலும் உயரத்திலும் தப்பாகக் காட்டலாம், அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸ் பொட்டலம் வெளிப்பக்கம், கை எட்டும் இடத்தில். பயிற்சி தொடங்கும் முன்பே கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, "நாலாயிரம் மீட்டர் ஏறப் போகிறேன்" என்று அந்த எண்ணையே சொல்லுங்கள். "மலை" என்று மட்டும் சொன்னால் அவர் ஊர்ப்பக்கத்துச் சின்னக் குன்று ஒன்றை நினைத்துக்கொள்வார். இதயம், ரத்த அழுத்தம், கண்ணின் விழித்திரை, கால் உணர்ச்சி, எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலி வந்த வரலாறு இருந்தால் நான் எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

சாமான் வாங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டீர்கள். பாதி சாமான் தோட்டத்து வீடுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடிடாஸ் கம்போங் என்று கேலியாகச் சொல்கிறார்களே, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள் முள்ளாக இருக்குமே, அதைத்தான் அங்கே வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் பலர் போடுகிறார்கள். ஈரப் பாறையில் அது பிடிக்கிற மாதிரி பல விலை உயர்ந்த சப்பாத்துகள் பிடிப்பதில்லை. அது தண்ணீரை உறிஞ்சுவதும் இல்லை. ஆனால் மெத்தை இருக்காது, கணுக்காலுக்குத் தாங்கல் இருக்காது. ஒரு அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறையோடு, பயிற்சி முழுக்க அதிலேயே நடந்து பார்த்து, ஒத்து வந்தால் போடுங்கள். சர்க்கரைக்காரருக்குக் காலில் கொப்புளம் சின்ன விஷயம் இல்லை. ஒத்து வராவிட்டால் நல்ல சப்பாத்து வாங்கத் தயங்காதீர்கள். எதுவானாலும் கால் நகத்தை முந்தைய வாரமே ஒட்ட வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் நகம் முன்னால் முட்டிக் கறுத்துவிடும். தலைவிளக்கு, பால்வெட்டுக்குப் போடுகிற அதே எல்இடி விளக்குதான், புது பேட்டரி போட்டால் போதும். உச்சிக்குப் போகிற வழியில் கருங்கல் சரிவில் கயிறு பிடித்து ஏற வேண்டிய இடம் உண்டு. பஞ்சுக் கையுறை நனைந்தால் ஐஸ் மாதிரி ஆகிவிடும். ஆலையில் தருகிற, உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறையை உள்ளே ஒரு மெல்லிய கம்பளிக் கையுறையோடு போடுங்கள்.

காசு செலவழிக்க வேண்டியது குளிருக்கு. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு பாகை குறையும். நம் ஊர் விடியற்காலையிலிருந்து 25 பாகையைக் கழித்துப் பாருங்கள், உச்சியில் அவ்வளவுதான், மேலே காற்று வேறு. சில நாள்களில் பாறையில் பனிக்கட்டி படிகிறது. கேமரன் மலைக்குப் போட்ட சுவெட்டர் போதாது. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காயும் சட்டை, கம்பளி அடுக்கு, மழைக்கும் காற்றுக்கும் மேலாடை, காதை மூடும் தொப்பி. மாற்றுத் துணியைக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி வையுங்கள். மார்ச் பொதுவாக மழை குறைந்த காலம் என்பார்கள், ஆனாலும் மதியத்துக்கு மேல் மழை வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். காலையில் சீக்கிரம் நடக்கத் தொடங்குவதே நல்லது.

முன்பதிவை மகள் பார்த்துக்கொள்கிறாள் என்றீர்கள். நல்லது, ஆனால் உங்கள் இடத்தை இப்போதே உறுதி செய்யச் சொல்லுங்கள். பானாலாபானில் படுக்கைகள் எண்ணி வைத்தவை, அவை தீர்ந்தால் அந்த நாள் தீர்ந்தது. வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. சபாவுக்குள் நுழைய நமக்கும் குடிநுழைவுச் சோதனை உண்டு, பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் மைகார்ட் அடையாள அட்டை போதும்.

வீட்டில் நிலநடுக்கத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2015 ஜூன் 5-ஆம் தேதி காலை நடந்தது அது. அதன் அளவு 6.0. மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும், வழிகாட்டிகளும் அதில் உண்டு. அதன் பிறகு மெசிலாவ் என்ற இன்னொரு ஏறும் வழியை மூடினார்கள், மேல்பகுதிப் பாதையை மாற்றினார்கள். மறுபடி வராது என்று சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. ரானாவ் பகுதி நிலநடுக்கம் வரக்கூடிய இடம்தான். ஆனால் உங்கள் பயணத்தில் நிஜமாக எதிர்பார்க்க வேண்டிய ஆபத்துகள் வழுக்கல், குளிர், உயர நோய், கோத்தா கினபாலுவிலிருந்து போகும் மலைச் சாலை. வீட்டில் அப்படியே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். புறப்படும் முன், வீட்டு வாசலில் உட்கார்ந்து மகளோடு ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: யாராவது ஒருவருக்கு முடியவில்லை என்றால், முடியாதவர் தங்குவார் அல்லது வழிகாட்டியோடு இறங்குவார், மற்றவர் போவார். மேலே போய் இதைப் பேச முடியாது. குளிரும் களைப்பும் பாசமும் சேர்ந்து யாரையும் யோசிக்க விடாது. எங்கள் பந்தாட்டப் பையனோடு அவன் அண்ணனும் வந்திருந்தான். தம்பியை விட்டுப் போக மனமில்லாமல் அவனும் தங்கிவிட்டான். வழிநெடுக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பானாலாபானில் நின்றுவிட்டாலும் நீங்கள் 3,272 மீட்டரில் நிற்கிறீர்கள், தீபகற்பத்தில் அந்த உயரத்துக்கு மலையே கிடையாது. விடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு மைலோ குடித்துக்கொண்டு மேகத்தைக் கீழே பார்க்கலாம். அப்புறம், டாக்டர் வேண்டாம் என்றுவிட்டால் பயணத்தையே விட வேண்டியதில்லை. பூங்கா 754 சதுர கிலோமீட்டர், உச்சி அதில் ஒரு முனை. தலைமையகத்தைச் சுற்றிக் காட்டுப் பாதைகள், தாவரத் தோட்டம், கொஞ்சம் தள்ளி போரிங் வெந்நீர் ஊற்று. வீட்டு அம்மாவையும் கூட்டிப் போய் இரண்டு நாள் சுற்றி, மகள் இறங்கி வரும்போது திம்போஹோனில் சூடாக எதையாவது வைத்துக்கொண்டு நிற்கலாம். அவள் முட்டிக்கு அந்த நேரத்தில் ஒரு தோள் தேவைப்படும்.

மாத்திரை அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் பெயர் இருக்கும். அதை எழுதி அனுப்புங்கள், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் நாலைந்து பேர் ஜெராய் சாலையில் நடக்கிறோம், குருண் பக்கத்து அடிவாரத்திலிருந்து. வருவதென்றால் அந்த ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.